வாசகர் கேள்வி – பதில்: மொலோசியர்களின் மன்னன் பிர்ரஸ்

வென்றவனையே அழிக்கும் அளவுக்கு இழப்பு தரும் வெற்றியை ‘பிர்ரிக் வெற்றி’ என்கிறோம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் மனிதனைப் பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகத் தொகுத்து, இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: பிர்ரஸை ஒரு புத்தகம் ‘அரசன்’ என்கிறது, இன்னொன்று ‘பழங்குடித் தலைவன்’ என்கிறது. எது சரி?

இரண்டுமே சரி. கிரேக்கத்தின் வடமேற்கு மூலையில், அயோனியக் கடலுக்கும் பிந்தஸ் மலைத்தொடருக்கும் நடுவே கிடக்கும் மலைநாடு எபிரஸ். இன்றைய எல்லைக்கோட்டில் பெரும்பகுதி கிரேக்கத்திலும், வடக்கு ஓரம் அல்பேனியாவிலும் வருகிறது. ஏதென்ஸ் போன்ற நகர அரசுகள் இங்கே வேரூன்றவில்லை. மக்கள் குடிகுடியாக வாழ்ந்தார்கள். மொத்தம் 14 குடிகள் என்பது பழைய கணக்கு. அவற்றில் பெரியவை மூன்று: கயோனியர், தெஸ்ப்ரோத்தியர், மொலோசியர். பிர்ரஸ் மொலோசியர் குடியின் மன்னன். மற்றக் குடிகளும் சேர்ந்த எபிரஸ் கூட்டணிக்குப் படைத்தலைமை அவனுடையது.

இந்த மன்னர் பதவிக்கு ஒரு கடிவாளம் இருந்தது. பசாரோன் என்ற ஊரில் மன்னரும் மக்களும் கூடுவார்கள். போர்க்கடவுளாக வணங்கப்பட்ட ஸீயஸுக்குப் பலி கொடுத்துவிட்டு இரண்டு சத்தியங்கள் நடக்கும். ‘சட்டப்படி ஆள்வேன்’ என்று மன்னன் சத்தியம் செய்வான். ‘சட்டப்படி இந்த அரசைக் காப்போம்’ என்று மக்கள் திருப்பிச் செய்வார்கள். மன்னன் தன் சொல்லை மீறினால் மக்களின் சொல்லும் கட்டுப்படுத்தாது என்பதுதான் இதன் பொருள். மொலோசியரின் முடியாட்சி நெடுநாள் நிலைத்ததற்கு, மன்னரின் அதிகாரம் அளவாக இருந்ததே காரணம் என்று அரிஸ்டாட்டில் தன் அரசியல் நூலில் எழுதியிருக்கிறார். பிர்ரஸின் வாழ்க்கையைப் படிக்கும்போது இந்தச் சத்தியத்தை மறக்கக் கூடாது. அவன் எங்கே நிலைத்தான், எங்கே நிலைக்கவில்லை என்பதற்கு விடை பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

கேள்வி: அவன் மகா அலெக்சாண்டருக்கு உறவா?

ஆம், ஒன்றுவிட்ட முறையில். அலெக்சாண்டரின் தாய் ஒலிம்பியாஸ் மொலோசிய இளவரசி. அவளுடைய தந்தை நியோப்டோலமஸும், பிர்ரஸின் தாத்தா அரிபாஸும் உடன்பிறந்தவர்கள். ஆகவே பிர்ரஸின் தந்தை அயாகிடீஸும் ஒலிம்பியாஸும் பெரியப்பா – சித்தப்பா பிள்ளைகள். அடுத்த தலைமுறைதான் அலெக்சாண்டரும் பிர்ரஸும். ஆனால் இருவரும் சந்தித்ததில்லை. அலெக்சாண்டர் இறந்தது கி.மு. 323, பிர்ரஸ் பிறந்தது கி.மு. 319 வாக்கில்.

கேள்வி: கைக்குழந்தையாக இருந்தபோதே நாட்டைவிட்டுத் தூக்கிச் செல்லப்பட்டான் என்கிறார்களே, என்ன நடந்தது?

அயாகிடீஸ் மக்களின் விருப்பத்துக்கு மாறாக அவர்களை மக்கெதோனியப் போர்களுக்கு இழுத்தான். மொலோசியர் அவனை விரட்டிவிட்டார்கள். பிர்ரஸுக்கு அப்போது வயது 2. குழந்தையையும் தாதிகளையும் கூட்டிக்கொண்டு சில விசுவாசிகள் வடக்கே ஓடினார்கள். பகைவர் துரத்திக்கொண்டே வந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் ஓர் ஆறு குறுக்கே வந்தது. மழையில் வெள்ளம் கரைபுரண்டது. அக்கரையில் ஆட்கள் தெரிந்தார்கள். எவ்வளவு கத்தியும் நீரின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. ஒருவனுக்கு யோசனை வந்தது. ஓக் மரத்தின் பட்டையை உரித்து, மேலாடையின் ஊசியால் அதில் நிலைமையைக் கீறி எழுதி, ஒரு கல்லில் சுற்றி அக்கரைக்கு எறிந்தான். படித்தவர்கள் உடனே மரங்களை வெட்டிப் பிணைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து வந்து, குழந்தையை அழைத்துப் போனார்கள்.

அங்கிருந்து இல்லிரிய மன்னன் கிளாக்கியாஸின் வீடு. குழந்தையைத் தரையில் விட்டார்கள். கிளாக்கியாஸ் முடிவெடுக்க முடியாமல் மௌனமாக உட்கார்ந்திருந்தான். ஏனென்றால் பின்னால் துரத்துவது மக்கெதோனியாவின் ஆட்சியாளன் கசாண்டர். குழந்தை தவழ்ந்து வந்து அவன் ஆடையைப் பிடித்து, முழங்காலில் சாய்ந்து எழுந்து நின்றது. முதலில் சிரித்தவன் பிறகு மனமிரங்கி, குழந்தையைத் தன் மனைவியின் கையில் கொடுத்து, தன் பிள்ளைகளோடு வளர்க்கச் சொன்னான். குழந்தையை ஒப்படைத்தால் 200 தாலந்து தருவதாகக் கசாண்டர் ஆள் அனுப்பினான். ஒரு தாலந்து ஏறக்குறைய 26 கிலோ வெள்ளி. கணக்குப் போட்டால் ஐந்து டன்னுக்கு மேல். கிளாக்கியாஸ் மறுத்துவிட்டான். பிள்ளைக்கு 12 வயதானபோது தானே படையோடு வந்து அரியணையில் உட்கார வைத்தான்.

கேள்வி: அப்படிக் கிடைத்த அரியணையை மறுபடி ஏன் இழந்தான்?

இல்லாத நேரம் பார்த்துப் பறித்துக்கொண்டார்கள். 17 வயதில், தன்னோடு வளர்ந்த கிளாக்கியாஸின் மகன் திருமணத்துக்காக இல்லிரியா போனான். அந்த இடைவெளியில் மொலோசியர் கலகம் செய்து, அவன் ஆட்களைத் துரத்தி, உறவினனான இன்னொரு நியோப்டோலமஸை மன்னனாக்கிவிட்டார்கள். பிர்ரஸ் தன் அக்காள் கணவன் டெமெட்ரியஸிடம் சேர்ந்து, அலெக்சாண்டரின் வாரிசுத் தளபதிகளுக்குள் கி.மு. 301இல் நடந்த இப்சஸ் போரில் சண்டையிட்டான். பிறகு டெமெட்ரியஸின் சார்பில் பிணையாளாக எகிப்துக்குப் போய் முதலாம் தாலமியின் அரண்மனையில் தங்கினான். பிணையாளாகப் போனவன் மருமகனாகத் திரும்பினான். அரசி பெரனீகேயின் முந்தைய மணத்தில் பிறந்த ஆன்டிகோனியை மணந்து, பணமும் படையும் பெற்று, கி.மு. 297இல் எபிரஸ் வந்து சேர்ந்தான்.

வந்ததும் நியோப்டோலமஸை விரட்டவில்லை. இருவரும் கூட்டாக ஆள்வது என்று ஏற்பாடு. அது எப்படி உடைந்தது என்பது பசாரோனில் சத்தியம் செய்யும் விழாவில்தான் தொடங்குகிறது. கெலோன் என்ற நியோப்டோலமஸின் ஆள், பிர்ரஸுக்கு இரண்டு ஜோடி உழவு மாடுகளைப் பரிசளித்தான். பிர்ரஸுக்கு மது ஊற்றும் மிர்டிலஸ் அவற்றைத் தனக்குத் தரும்படி கேட்டான். பிர்ரஸ் வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டான். மிர்டிலஸின் மனக்கசப்பைக் கண்ட கெலோன், மன்னனுக்கு நஞ்சு வைக்கும்படி அவனைத் தூண்டினான். மிர்டிலஸ் சம்மதிப்பதுபோலக் காட்டிவிட்டு பிர்ரஸிடம் சொல்லிவிட்டான். பிர்ரஸ் இன்னொரு சாட்சியையும் அதே சதிக்குள் அனுப்பி உறுதிசெய்துகொண்டான். பிறகு பலி விருந்துக்கு நியோப்டோலமஸை அழைத்துக் கொன்றான். சதி உண்மையாகவே இருக்கட்டும்; விருந்துக்கு அழைத்துக் கொன்றது அவன் பெயரில் அழியாத கறைதான். ஆனால் மொலோசியத் தலைவர்கள் பலர் முன்பே பிர்ரஸின் பக்கம் சாய்ந்திருந்ததால், உள்நாட்டில் எதிர்ப்பு எழவில்லை.

கேள்வி: அவனுக்கு எத்தனை மனைவியர்?

ஆன்டிகோனி இறந்த பிறகு மூவர்: பயோனிய மன்னன் ஔதோலியோனின் மகள், இல்லிரிய பர்தில்லிஸின் மகள் பிர்க்கென்னா, சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகர ஆட்சியாளன் அகதொகிளீஸின் மகள் லனாசா. எல்லாமே அரசியல் மணங்கள். லனாசா சீதனமாக கோர்சிரா தீவையே கொண்டுவந்தாள். மற்ற மனைவியருக்கே அதிக மதிப்புத் தருகிறான் என்று கோபித்து, அதே தீவுக்குப் போய், டெமெட்ரியஸை அழைத்து மணந்துகொண்டாள். தீவும் அவளோடு போயிற்று.

கேள்வி: ரோமானியர்கள் முதன்முதலாக யானைகளைப் பார்த்தது அவனால்தானா? எத்தனை யானைகள், அவற்றால் என்ன பயன்?

ஆம். தென் இத்தாலியின் கிரேக்க நகரமான தாரெந்தம், ரோமுக்கு எதிராக அவனை அழைத்தது. கி.மு. 280இல் அவன் கப்பலேற்றியது 20 யானைகள், 3,000 குதிரை வீரர், 20,000 காலாட்கள், 2,000 வில்லாளிகள், 500 கவண்வீரர். நடுக்கடலில் புயல் அடித்துக் கப்பல்கள் சிதறின. பிர்ரஸ் இருட்டில் கடலில் குதித்துக் கரையேறினான். முதலில் அவனைச் சுற்றிச் சேர்ந்தவர்கள் 2,000 காலாட்களுக்கும் குறைவு. யானைகள் இரண்டே இரண்டு. மற்றவை பிறகே வந்து சேர்ந்தன.

ஹெராக்ளியா போரில் யானைகளைக் கடைசிவரை அவன் பின்னால் வைத்திருந்தான். சண்டை ஏழு முறை முன்னும் பின்னுமாக மாறியது. ரோமானியர் களைத்த நேரத்தில் யானைகள் வந்தன. அவை மிதித்துக் கொன்றவர்களைவிட, பழக்கமில்லாத வாசனையிலும் உருவத்திலும் மிரண்டு தம் வீரர்களையே தூக்கிக்கொண்டு ஓடிய குதிரைகள் செய்த சேதம்தான் பெரிது. அந்தக் குழப்பத்தில் தெசாலியக் குதிரைப்படையை ஏவி பிர்ரஸ் போரை முடித்தான். யானை என்ற பெயரே தெரியாத ரோமானியர், லுக்கானியா என்ற அந்தப் பகுதியின் பெயரைச் சேர்த்து ‘லுக்கானிய மாடு’ என்றார்கள்.

யானையைப் புரிந்துகொண்ட எதிரிக்கு அது அவ்வளவு பயமில்லை. கி.மு. 275இல் பெனவெந்தம் அருகே நடந்த போரில் ரோமானியர் அவனுடைய இரண்டு யானைகளைக் கொன்றார்கள். எட்டு யானைகளை வெளியேற வழியில்லாத இடத்தில் மடக்கியபோது, இந்தியப் பாகர்கள் அவற்றை ஒப்படைத்தார்கள். இத்தாலி மண்ணில் இந்தியப் பாகர்களைப் பற்றிய இந்தக் குறிப்பு ஒரு வரிதான். ஆனாலும் அந்த வரியை நம்மால் சும்மா தாண்டிப்போக முடிவதில்லை. பிடிபட்ட யானைகள் ரோமின் வெற்றி ஊர்வலத்தில் நடந்தன.

கேள்வி: ஹெராக்ளியா, அஸ்குலம் இரண்டு போரிலும் ரோமானியரை வென்றவன் ஏன் தோற்றதாகக் கருதப்படுகிறான்? எண்ணிக்கையோடு விளக்குங்கள்.

ஹெராக்ளியாவில் (கி.மு. 280) ரோமானியர் 7,000 பேர், பிர்ரஸின் தரப்பில் 4,000க்குச் சற்றுக் குறைவு என்று பழைய வரலாற்றாசிரியர் ஹியரோனிமஸ் கணக்கு. இன்னொரு வரலாற்றாசிரியரான டயோனிசியஸ் கணக்கில் 15,000, 13,000. அடுத்த ஆண்டு அஸ்குலத்தில் ரோமானியர் 6,000; பிர்ரஸின் தரப்பில் 3,505. இந்தக் கடைசி எண், மன்னனின் சொந்தக் குறிப்பேட்டில் பதிவானது. அதனால்தான் இவ்வளவு துல்லியம்.

எண்ணை மட்டும் பார்த்தால் அவன் கை ஓங்கியே இருக்கிறது. யார் செத்தார்கள் என்று பார்க்க வேண்டும். அவன் படையின் முதுகெலும்பு ஃபாலங்க்ஸ், அதாவது நெருங்கி நிற்கும் ஈட்டி வீரர்களின் வரிசைப்படை. ஒவ்வொரு வீரனும் ஐந்து, ஆறு மீட்டர் நீள ‘சரிசா’ ஈட்டியை இரண்டு கையாலும் பிடித்திருப்பான். முதல் ஐந்து வரிசைகளின் ஈட்டி முனைகளும் முகப்புக்கு முன்னால் நீண்டிருக்கும். ரோமானிய வீரன் வாள் வீச இடம் வேண்டும் என்பதால் இரண்டு ஆள் அகலத்தில் நிற்பான். ஆகவே ஒரே நேரத்தில் பத்து முனைகள் அவனை எதிர்கொள்ளும். சமவெளியில் இதை உடைப்பது மிகக் கடினம். ஆனால் மேடுபள்ளம் வந்தால் வரிசையில் இடைவெளி விழும். அந்த இடைவெளிக்குள் குட்டை வாளோடு ஒருவன் நுழைந்துவிட்டால், நீண்ட ஈட்டியால் திரும்பவே முடியாது. அஸ்குலத்தில் முதல் நாள் காடும் ஆற்றங்கரையுமான நிலத்தில் சிக்கித் திண்டாடினான். மறுநாள் விடியுமுன்னே அந்தக் கரட்டு நிலத்தைச் சிறு படையால் பிடித்துவைத்து, ரோமானியரைச் சமதளத்துக்கு வரவைத்தான். இத்தாலியக் கூட்டாளிகளின் சிறு அணிகளையும் ஃபாலங்க்ஸ் அணிகளையும் மாற்றி மாற்றி நிறுத்தும் முறையையும் இத்தாலியில் கையாண்டான். நிலத்தைப் படித்துத் திட்டத்தைத் திருத்தத் தெரிந்த தளபதி என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

இப்படி ஒரு படையைப் பழக்க ஆண்டுகள் ஆகும். அதை நடத்தும் அதிகாரிகள் மன்னனோடு வளர்ந்த எபிரஸ்காரர்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு போர்களில் விழுந்தார்கள். கடலுக்கு அப்பாலுள்ள மலைக்குடிகளிடமிருந்து மாற்று ஆட்களைக் கொண்டுவர வழியில்லை. இத்தாலியக் கூட்டாளிகளும் ஆர்வம் இழந்துவிட்டார்கள். எதிரே ரோமின் குடிமக்கள் கணக்கெடுப்பு அந்த ஆண்டுகளில் காட்டிய எண் 2,87,222. வீட்டுக்குள்ளேயே ஊற்று சுரப்பதுபோல அவர்களின் படை நிரம்பியது என்கிறார், பிர்ரஸின் வாழ்க்கையை எழுதிய புளூட்டார்க். வாழ்த்துச் சொன்னவனிடம், ‘ரோமானியரை இன்னொரு முறை வென்றால் அடியோடு அழிந்துபோவோம்’ என்று பிர்ரஸ் சொன்னது புலம்பல் அல்ல, கணக்கு.

கேள்வி: அப்படியானால் சிசிலிக்குப் போனது எதற்கு?

வட ஆப்பிரிக்கக் கடல் வல்லரசான கார்த்தேஜிடமிருந்து காப்பாற்றும்படி அங்குள்ள கிரேக்க நகரங்கள் அழைத்தன. கி.மு. 278இல் போனான். எரிக்ஸ் கோட்டை மதில்மேல் ஏணி சாய்த்து முதல் ஆளாக ஏறினான். ஏறக்குறைய தீவு முழுவதும் கைக்கு வந்தது. மேற்கு முனையில் லிலிபேயம் மட்டும் விழவில்லை. கடல்வழியாக அதற்குப் பொருள் வந்துகொண்டே இருந்ததால் நிலத்திலிருந்து முற்றுகையிட்டுப் பயனில்லை.

அங்கே அவனைத் தோற்கடித்தது கார்த்தேஜ் அல்ல. ஆப்பிரிக்காவுக்குப் படகேற, துடுப்பு வலிக்கும் ஆட்களை நகரங்களிடமிருந்து கட்டாயமாகப் பிடித்தான். தன்னை வரவேற்ற சிரக்கூஸ் தலைவர்களையே சந்தேகித்தான். தோயெனோனைக் கொன்றான், சோசிஸ்திரேட்டஸ் தப்பி ஓடினான். முன்பு தாரெந்தத்திலும் இதுவே நடந்தது: உடற்பயிற்சிக்கூடங்களை மூடி, விருந்துகளையும் விழாக்களையும் தடைசெய்து, ஆண்களைப் படையில் சேர்த்தான். போருக்கு அது தேவைதான். ஆனால் பசாரோனில் அவனைக் கட்டிய சத்தியம் போன்ற எதுவும் இந்த ஊர்களில் அவனைக் கட்டவில்லை. அவர்களுக்கும் அவனிடம் கட்டுப்பாடு இல்லை. அழைத்த நகரங்களே பகைவரிடம் திரும்பிப் போயின.

கேள்வி: அவன் கால்விரலுக்கு நோய் தீர்க்கும் சக்தி இருந்ததாமே?

மண்ணீரல் வீக்கம் உள்ளவர்களைப் படுக்க வைத்து, வெள்ளைச் சேவலைப் பலியிட்டு, வலது காலால் அந்த இடத்தை மெல்ல அழுத்துவானாம். எவ்வளவு ஏழை வந்தாலும் மறுத்ததில்லை என்றும், கூலியாக அந்தச் சேவலை மட்டும் ஏற்று மிகவும் மகிழ்வான் என்றும் புளூட்டார்க் சேர்த்துச் சொல்கிறார். நம்புவது உங்கள் விருப்பம். தன் மக்கள் எளிதாக அணுகக்கூடிய மன்னனாக இருந்தான் என்பதற்கு இது சான்று.

கேள்வி: ஒரு கிழவி கூரை ஓட்டை எறிந்து அவனைக் கொன்றாள் என்பது உண்மையா?

நிகழ்ந்ததை வரிசையாகச் சொல்கிறோம். ஆறு ஆண்டுப் போருக்குப் பிறகு 8,000 காலாட்கள், 500 குதிரை வீரரோடு எபிரஸ் திரும்பியவன், உடனே மக்கெதோனியாவின் ஆன்டிகோனஸ் கொனாட்டாஸை வென்றான். கி.மு. 272இல் 25,000 காலாட்கள், 2,000 குதிரை வீரர், 24 யானைகளோடு ஸ்பார்ட்டாவைத் தாக்கினான். ஸ்பார்ட்டாப் பெண்கள் ஒரே இரவில் அகழி வெட்ட உதவி நகரைக் காத்தார்கள். அங்கிருந்து ஆர்கோஸ் போகும் வழியில் மூத்த மகன் தாலமி கொல்லப்பட்டான்.

ஆர்கோஸில் அவன் ஆதரவாளன் ஒருவன் இரவில் வாயிலைத் திறந்துவைத்தான். பிர்ரஸின் படையிலிருந்த கெல்டிய இனத்தவரான கால் (Gaul) வீரர்கள் சத்தமின்றி நுழைந்து சந்தைவெளி வரை போய்விட்டார்கள். முதல் தவறு அதற்குப் பிறகு: முதுகில் கோபுரம் கட்டிய யானைகள் வாயிலில் நுழையவில்லை. இருட்டில் கோபுரங்களை இறக்கி, யானைகளை உள்ளே விட்டு, மறுபடி ஏற்றினார்கள். அந்தத் தாமதத்தில் ஊர் விழித்துக்கொண்டது. அருகே முகாமிட்டிருந்த ஆன்டிகோனஸுக்கும் ஆள் போயிற்று. உள்ளே தெருக்கள் குறுகல், குறுக்கும் நெடுக்கும் வாய்க்கால்கள், குதிரைகள் இடறின. கட்டளைகள் யார் காதிலும் விழவில்லை.

விடிந்ததும் பின்வாங்க முடிவுசெய்து, வெளியே நின்ற இளைய மகன் ஹெலனஸுக்குச் செய்தி அனுப்பினான்: மதிலில் ஒரு பகுதியை இடித்து, வெளியேறுகிறவர்களுக்குத் துணை நில். இரண்டாவது தவறு இங்கே. கூச்சலில் செய்தி திரிந்தது. ஹெலனஸ் மிச்ச யானைகளையும் சிறந்த வீரர்களையும் கூட்டிக்கொண்டு அதே வாயில் வழியாக உள்ளே வந்தான். வெளியேறுபவர்களும் நுழைபவர்களும் நெருக்கிக்கொண்டார்கள். எல்லாவற்றிலும் பெரிய யானை வாயிலுக்குக் குறுக்கே விழுந்து பிளிறிக்கொண்டு கிடந்தது. உள்ளே நிகோன் என்ற யானை, காயம்பட்டு விழுந்த தன் பாகனைத் தேடி எதிர்த்திசையில் முண்டியது. உடலைக் கண்டதும் துதிக்கையால் தூக்கி, இரண்டு தந்தங்களின்மேல் கிடத்திக்கொண்டு, வழியில் நின்றவர்களை எல்லாம் தள்ளிக்கொண்டு திரும்பியது. உருவிய வாளை உறையில் போடக்கூட இடமில்லாமல் வீரர்கள் தங்கள் ஆட்களையே வெட்டிக்கொண்டார்கள்.

பிர்ரஸ் தலைக்கவசத்திலிருந்த மகுடத்தைக் கழற்றித் தோழனிடம் கொடுத்துவிட்டுப் பகைவர்மேல் பாய்ந்தான். ஓர் ஆர்கோஸ் இளைஞனின் ஈட்டி மார்புக்கவசத்தைத் துளைத்தது. காயம் பெரிதல்ல. குத்தியவனை நோக்கி பிர்ரஸ் திரும்பினான். அந்த இளைஞனின் தாய், ஏழைக் கிழவி, கூரைமேலிருந்து மற்றப் பெண்களோடு பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளாலும் ஓர் ஓட்டைத் தூக்கி எறிந்தாள். அது தலைக்கவசத்துக்குக் கீழே பட்டு, கழுத்தின் அடி எலும்புகளை நொறுக்கியது. கண் மங்கி, கடிவாளம் நழுவி விழுந்தான். சோபிரஸ் என்ற வீரன் அவனை வாசற்படி ஓரம் இழுத்துப்போய், கைநடுங்கத் தலையைக் கொய்தான்.

ஆன்டிகோனஸின் மகன் அந்தத் தலையைத் தந்தையின் முன் எறிந்தான். ஆன்டிகோனஸ் மகனைக் கோலால் அடித்து விரட்டிவிட்டு, மேலாடையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். உடலுக்கு முறையாக எரியூட்டினான். ஹெலனஸை மரியாதையோடு ஊருக்கு அனுப்பினான்.

கேள்வி: அவன் காலத்துப் பொருள் ஏதாவது இன்றும் இருக்கிறதா?

யோவானினா நகரத்துக்குத் தெற்கே தொதோனா இருக்கிறது. ஸீயஸ் ஓக் மரத்தின் சலசலப்பில் குறி சொன்ன இடம். மலைச்சரிவில் ஏறக்குறைய 17,000 பேர் அமரும் கல் அரங்கம், முதலில் அவன் ஆட்சிக்காலத்தில் எழுந்தது. அவன் வெளியிட்ட காசுகளில் தலைக்கவசம் அணிந்த கிரேக்கப் புராண வீரன் அக்கிலீஸும், மகனுக்குக் கேடயம் கொண்டுபோகும் தெதிஸ் தேவியும் இருக்கிறார்கள்; தங்கள் குலம் அக்கிலீஸின் மகனிலிருந்து வந்தது என்று மொலோசிய மன்னர்கள் சொல்லிவந்தார்கள்.

எங்களுக்கு எல்லாவற்றிலும் அருமையாகத் தோன்றுவது தொதோனாவில் கிடைத்த சிதைந்த வெண்கலத் தகடு. போரில் கைப்பற்றிய பொருளோடு ஸீயஸுக்குக் காணிக்கையாக்கியது. சில எழுத்துகள் உதிர்ந்துபோனாலும் வாசகம் தெளிவு: ‘மன்னன் பிர்ரஸும், எபிரஸ் மக்களும், தாரெந்தம் மக்களும், ரோமானியரிடமும் அவர்களின் கூட்டாளிகளிடமும் இருந்து.’ தன் பெயரை மட்டும் பொறித்து நிறுத்திக்கொள்ளாமல், சத்தியம் மாற்றிக்கொண்ட மக்களின் பெயரையும் பக்கத்திலேயே பொறித்திருக்கிறான்.